பிரேசில் காப்பிக்கு ஏன் 50 விழுக்காடு வரி?

பிற நாட்டு நீதிமன்றத்தைப் பணியவைக்க இறக்குமதி வரியைப் பயன்படுத்த முடியும் என்று ஒரு வல்லரசு நினைத்ததற்கு, 2025இல் பிரேசில் மீது அமெரிக்கா விதித்த 50 விழுக்காட்டு வரியைவிடத் தெளிவான சான்று இல்லை என்றே கருதுகிறேன். ஜூலை 9 அன்று பிரேசில் அதிபர் லூலாவுக்கு எழுதிய கடிதத்தில், முன்னாள் அதிபர் பொல்சொனாரோ மீதான வழக்கு உடனே நிறுத்தப்பட வேண்டும் என்று டிரம்ப் வெளிப்படையாகவே கேட்டிருந்தார். வணிகப் பற்றாக்குறையையும் காரணம் காட்டினார். ஆனால் பிரேசிலுடனான சரக்கு வணிகத்தில் உபரி காண்பது அமெரிக்காதான்.

ஆரஞ்சுச் சாற்றுக்கும் விமானங்களுக்கும் தொடக்கத்திலேயே விலக்கு கிடைத்தது. காப்பிக்குக் கிடைக்கவில்லை. ஹவாய், போர்ட்டோ ரிக்கோ போன்ற சில இடங்களில் சிறிதளவு விளைவதைத் தவிர, அமெரிக்கர்கள் குடிக்கும் காப்பி முழுவதும் இறக்குமதி. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிரேசிலிலிருந்து வருகிறது. பாதுகாப்பதற்கு உள்நாட்டில் பெரிய உற்பத்தியே இல்லாத ஒரு பொருளுக்கு வரி போட்டால், அதைத் துறைமுகத்தில் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர், கடைசியில் சுமப்பவர் அங்காடியில் பொட்டலம் வாங்கும் எளிய மனிதர்.

பிரேசில் உச்ச நீதிமன்றம் அசையவில்லை. செப்டம்பர் 11 அன்று ஆட்சிக்கவிழ்ப்புச் சதி வழக்கில் பொல்சொனாரோவுக்கு 27 ஆண்டுகள் 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அந்த உறுதியை மனமாரப் பாராட்டுகிறேன். விலைவாசி குறித்த அதிருப்தி அமெரிக்காவில் வலுத்த பிறகு, நவம்பர் 20 அன்று காப்பி, மாட்டிறைச்சி உள்ளிட்ட வேளாண் பொருள்களுக்கு, அந்த 50 விழுக்காட்டில் அடங்கிய கூடுதல் 40 விழுக்காட்டு வரி விலக்கப்பட்டது. காலணி, இயந்திரம் செய்யும் பிரேசில் தொழிலாளர்களுக்கு அன்று அந்த நிவாரணம் கிட்டவில்லை.