கறுப்பியின் பாதம்

என் நாய் கறுப்பியின் முன்னங்கால் பாதத்தைக் கண்ணாடி கிழித்துவிட்டது. வெதுவெதுப்பான உப்புநீரில் கழுவி, விரல் இடுக்குகளை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பொடிச் சில்லு ஒன்று மயிருக்குள் ஒளிந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, சுத்தமான துணியால் ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்தேன். ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும் ஊற்றாதீர்கள், ஆறத் தொடங்கும் சதையையும் அது அரித்துவிடும்.

அப்புறம் கட்டு. நாய்க்குப் பாதத்தில் வியர்க்கும், கட்டுக்குள் ஈரம் சேரும். அதனால் தினமும் மாற்றுகிறேன். விரல்களுக்கு நடுவே கொஞ்சம் பஞ்சு. நுனி விரல்கள் வெளியே தெரிய வேண்டும். அவை வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம். நக்கத்தான் பார்க்கிறாள், பாவம், வாய் எட்டாதபடி கழுத்தைச் சுற்றிக் கூம்பு மாட்டியிருக்கிறேன். நடக்க நடக்க வெட்டு பிளந்துகொள்வதால் ஆற நாளாகும். வெட்டு ஆழமாக இருந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.