அம்மாயிக்கு 30-க்கு 16

எங்கள் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, மறதி நோய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை மாற்ற நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துப் படியே ஏறாத பெரியவர்கள் நம் பக்கத்தில் நிறைய பேர். யாருக்காவது பயன்படும்.

அம்மாயி காங்கேயம் பக்கம் தோட்டத்தில் மாமா குடும்பத்தோடு இருக்கிறார். அப்புச்சி (தாத்தா) தவறிய பிறகு பேச்சு குறைந்தது. சொன்னதையே சொன்னார், சோறு இறங்கவில்லை. டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். முகக்கவசம் போட்ட ஒரு பெண் தாளைப் பார்த்து மெல்லிய குரலில் கேள்வி கேட்டார்.

"இது எந்த மாதம்?"

"ஐப்பசிங் சாமி."

"தேதி?"

"அமாவாசைக்கு இன்னும் மூணு நாள் இருக்குதுங்."

"என்ன பருவம்?"

அம்மாயி என் முகத்தைப் பார்த்தார். எந்த விதைப்புப் பட்டம் என்று கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பார்.

"எந்த மாவட்டம்?"

"கோயமுத்தூர் ஜில்லாங்."

நான்குக்கும் சுழி. அம்மாயி கல்யாணமாகி வந்தபோது காங்கேயம் கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. 1979-ல் பெரியார் மாவட்டத்துக்குப் போனது, பிறகு அதற்கே ஈரோடு மாவட்டம் என்று பெயர் வந்தது, 2009-ல் திருப்பூர் மாவட்டமானது. அவர் இருந்த வீடு அதேதான்.

அடுத்து நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். "எதுக்குங் கழிக்கோணும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அதற்கு முந்தின வாரம்தான் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலியோரம் நின்று ஆட்டு வியாபாரியிடம் கணக்குப் பார்த்திருந்தார். கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, "மூணு குட்டி, ஒண்ணு நாலாயிரத்து ஐநூறு, பதிமூணாயிரத்து ஐநூறாச்சு. அச்சாரம் ரெண்டாயிரம் போக பதினொண்ணு ஐநூறு வெய்யி" என்றார். மாமா செல்போனை எடுப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

மொத்தம் 16 மதிப்பெண். மறதி நோய் என்று மாத்திரையும் எழுதினார்கள்.

அன்று இரவே அந்தத் தேர்வைப் பற்றித் தேடிப் படித்தேன். எம்.எம்.எஸ்.இ. (மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்) என்பார்கள், 1975-ல் அமெரிக்காவில் உருவானது, மொத்தம் 30. பொதுவாக 24-க்குக் கீழே போனால் சந்தேகப்படுவார்கள். இதில் தொடர்கழித்தலுக்கு 5, எழுதியதைப் படித்து அதன்படி செய்ய 1, ஒரு வாக்கியம் எழுத 1, இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. ஆக 8 மதிப்பெண் பென்சில் பிடித்துப் பழகிய கைக்கும் கணக்கு வாத்தியாரிடம் படித்த தலைக்கும் உரியது. எங்கள் அம்மாயி உட்காரும் முன்பே 22-தான். அமெரிக்காவிலேயே 1993-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஒன்பது வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களின் இடைநிலை மதிப்பெண் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) 29. நான்கு வருடத்துக்கு மேல் படிக்காதவர்களுக்கு 22. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. 1995-லேயே ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தாருக்கென்று இதே தேர்வை இந்தியில் திருத்தி அமைத்திருக்கிறார்கள். சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் 10/66 என்ற ஆய்வுக் குழு, முதியவரைச் சோதிப்பதோடு வீட்டாரிடமும் விசாரித்து முடிவு செய்யும் முறையைப் பயன்படுத்தியிருக்கிறது. இதெல்லாம் தெரிந்தும் பழைய தாளையே நீட்டுவது அநியாயம்.

வேறொரு மருத்துவரிடம் போவது என்று முடிவு செய்தோம். போகும் முன் அத்தையிடம் ஒரு நோட்டு கொடுத்து, அம்மாயி இப்போது என்ன செய்கிறார், எதை விட்டுவிட்டார் என்று எழுதச் சொன்னேன். எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான். பால் ஊற்றின கணக்கு சரி. அடுப்பை அணைக்க மறந்ததில்லை. இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) வழியாகத் தனியாகக் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறார். ஆனால் ஆடு விற்ற கதையை ஒரே நாளில் இரண்டு தடவை சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார் அத்தை.

புது மருத்துவர் நோட்டை முழுக்கப் படித்தார். முதலில் போன ஆஸ்பத்திரியில் "மனச்சோர்வு உண்டா?" என்று கேட்டதற்கு அம்மாயி "அதெல்லாம் இல்லீங்" என்று முடித்துவிட்டார். இவர், "ஐயா போனதுக்கப்புறம் ராத்திரி எப்படிப் போகுதுங்கம்மா?" என்று கேட்டார். அம்மாயி நெஞ்சில் கை வைத்தார். "இங்க கல்லு வெச்சாப்புல இருக்குதுங். உள்ளங்காலு எரியுது. கண்ணு மூடுனா அவரு இருமற சத்தம் கேக்குது." நாங்கள் வீட்டில் ஒருவரும் அப்படிக் கேட்டதே இல்லை.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவு. காது பரிசோதித்ததில் இரண்டு காதுமே மந்தம். முகக்கவசத்துக்குள் பேசியது பாதி விழுந்திருக்காது. துக்கம் மனச்சோர்வாக மாறியிருந்தது. மறதி நோய்க்கான மாத்திரையை நிறுத்தி, பி12 ஊசி, காது கருவி, மனச்சோர்வுக்கு மருந்து என்று ஆரம்பித்தார். சில மாதங்களில் சாப்பாடு தேறியது, பேச்சு திரும்பியது. வயதுக்கு மேல் லேசான மறதி இருக்கிறது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. "தன் காரியத்தைத் தானே பாத்துக்கறாங்க, அதனால இப்ப நோய்னு எழுத மாட்டேன்" என்றார்.

இந்தத் தாள் மறுபக்கமும் ஏமாற்றும். எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இதே தேர்வில் 28 வாங்கினார். பென்ஷன் பணத்தை எங்கே வைத்தோம் என்று தெரியாமல், கடைவீதியிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறவர் அவர். படிப்பு அவருடைய குறையை மூடிவிட்டது. அவர் மகளிடமும் நோட்டு போடச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த பரிசோதனையில் அம்மாயியைப் படித்தவர்களோடு ஒப்பிட மாட்டார்கள், அவருடைய போன வருடத்தோடுதான் ஒப்பிடுவார்கள். அதற்காக அத்தை இன்னும் எழுதி வருகிறார். பணம், அடுப்பு, வழி, ஆட்டுக் கணக்கு என்று நான்கு தலைப்பு போட்டு வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதினாலே போதும் என்றார் மருத்துவர்.