மானியம் தேடுகிறவர்கள் முதலில் நூலகத்துக்குப் போங்கள்

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு எங்காவது மானியம் கிடைக்குமா என்று மூன்று மாதமாகக் கூகுளில் தேடிக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம். சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் புத்தகம் மாற்றப் போன இடத்தில் நூலகர் அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "அதற்கு இங்கேயே வழி இருக்கிறதே" என்று மூலையில் இருந்த கணினியைக் காட்டினார்.

அதில் இருந்தது, அறக்கட்டளைகள் பற்றிய தகவலைத் திரட்டும் கேண்டிட் என்ற அமைப்பின் தரவுத்தளம். 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபவுண்டேஷன் சென்டர்தான் 2019இல், தொண்டு நிறுவனங்களின் விவரங்களைத் தரும் கைட்ஸ்டாருடன் இணைந்து கேண்டிட் ஆனது. எந்த அறக்கட்டளை யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று காட்டும் அதன் தரவுத்தளத்துக்கு நாமே சந்தா கட்டினால் உண்டியல் காலி. கேண்டிட்டோடு இணைந்த பொது நூலகங்களில் உட்கார்ந்து பார்க்கக் காசே இல்லை.

அப்புறம் அந்த 990-பிஎஃப் படிவம். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் வருடாவருடம் வரித்துறைக்குத் தருவது, யாரும் பார்க்கலாம். பின்பகுதியில் மானியம் வாங்கியவர் பெயரும் தொகையும் வரிசையாக இருக்கும். அதற்குச் சற்று மேலே ஒரு சின்னக் கட்டம். அதில் குறி போட்டிருந்தால், ஏற்கெனவே தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான் கொடுப்போம், நீங்களாக விண்ணப்பம் அனுப்பாதீர்கள் என்று பொருள். நான் ஆசையாகக் குறித்து வைத்திருந்த ஒன்பதில் ஐந்தில் அந்தக் குறி! இரண்டுக்கு ஏற்கெனவே கடிதம் வேறு எழுதிவிட்டேன்.

சரி, மீதி நான்கு இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை பள்ளித் தன்னார்வலர்கள் யாராவது கூட வருகிறீர்களா? பத்து மணிக்குத் திறப்பார்கள். பென் டிரைவ் கொண்டுவாருங்கள், பிரின்ட் எடுத்தால் பக்கத்துக்குப் பத்து சென்ட்.