மே துவேலே: வட்டக்கானலில் ஸ்பானிஷ் வினைகள் படித்த அனுபவம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி மாதம். வட்டக்கானலில் எங்கள் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறோம். ஸ்பெயினிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்து தங்கியிருந்தார்கள். அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். மகளுக்கு ஆங்கிலம் தெரியும். அம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான். அன்றைக்கு மகள் டால்பின் நோஸ் பக்கம் நடக்கப் போயிருந்தார். பதினோரு மணி வாக்கில் டீ கொண்டுபோனேன். அந்தப் பெரியம்மா கட்டிலில் சாய்ந்து விலாவைப் பிடித்துக்கொண்டு, "மே துவேலே, மே துவேலே அக்கீ" என்றார்.

குளிர்கிறது என்கிறார் என்று நினைத்தேன். இன்னொரு கம்பளியைப் போர்த்தினேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெளியே மேகம் இறங்கியிருந்தது, போனில் சிக்னல் இல்லை, மொழிபெயர்க்கும் ஆப் திறக்கவே இல்லை. மூன்று மணிக்கு மகள் திரும்பி வந்த பிறகுதான் "எனக்கு இங்கே வலிக்கிறது" என்று சொல்லியிருக்கிறார் எனத் தெரிந்தது. சிறுநீரகக் கல். ஜீப்பில் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டார்கள், ராத்திரிக்குள் தெளிந்துவிட்டார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. நாலு மணி நேரம் ஒரு வயதானவர் என் வீட்டில் வலியோடு கிடந்திருக்கிறார், நான் கம்பளி போர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர்கள் கிளம்பிப் போன வாரமே ஒரு நோட்டு வாங்கினேன். 20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கும் மொழி. இந்தப் பக்கம் இன்னும் யாராவது வருவார்கள்.

முதல் இரண்டு மாதம் வீணாகப் போனது. ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தரும் ஆப்பில் நூறு வினைச்சொற்களை அகராதி வடிவத்திலேயே மனப்பாடம் செய்தேன். அப்லார் பேசுவது, கொமேர் சாப்பிடுவது, பிபிர் வாழ்வது. வாயைத் திறந்தால் ஒன்றும் கோவையாக வராது. தமிழில் நினைத்து, அதை ஆங்கிலமாக்கி, அதிலிருந்து ஸ்பானிஷுக்குப் போவதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். அதோடு "மே துவேலே" என்ற சொல்லையே என்னால் அகராதியில் கண்டுபிடிக்க முடியவில்லை. "துவேலெர்" என்று தேடினேன். அப்படி ஒரு வினையே கிடையாது.

வழி திறந்தது பெரியம்மாவின் குரல் செய்திகளால்தான். மகள் மூலமாக வாட்ஸ்அப்பில் அவ்வப்போது பேசி அனுப்புவார். "எஸ்தோய் பியென். ஓய் யுவேவே. போய் அல் மெர்காதோ." நல்லா இருக்கேன், இன்னைக்கு மழை பெய்யுது, சந்தைக்குப் போறேன். திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் கவனித்தேன்: "நான்" என்பதற்கான "யோ" ஓர் இடத்தில்கூட இல்லை. ஆப் எனக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் "யோ" போடச் சொல்லிக் கொடுத்திருந்தது. நாம் "சந்தைக்குப் போறேன்" என்றால் போதும், யார் என்பதை "ஏன்" விகுதி சொல்லிவிடும். அவர்களுக்கும் அப்படியே. அப்லோ என்றால் பேசுகிறேன், அப்லாஸ் பேசுகிறாய், அப்லா பேசுகிறார், அப்லாமோஸ் பேசுகிறோம், அப்லான் பேசுகிறார்கள்.

அன்றிலிருந்து ஆங்கிலத்தை நடுவிலிருந்து எடுத்துவிட்டேன். நோட்டில் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் தமிழ் எழுத்திலேயே ஸ்பானிஷ். நம் எழுத்து அதற்கு நன்றாகவே இடம் கொடுக்கிறது. அவர்களுடைய "த" நம் "த"தான், பல்லைத் தொட்டு வருவது. டீ அங்கே "தே". நாளை என்பது "மஞானா", அதில் இருப்பது அசல் "ஞ". "வி" என்று எழுதுவதை உதடு சேர்த்துப் "ப" போல உச்சரிக்கிறார்கள். அதனால் "போகிறேன்" என்பது நம் காதுக்குப் "போய்" என்றே விழுகிறது. ஒரு தடவை கேட்டாலும் மறக்காது.

காது ஏமாறும் இடங்களும் உண்டு. "அப்லான்" என்று கேட்டதும் எனக்கு ஒரு ஆண்பிள்ளை பேசுவதாகவே தோன்றும், "பேசினான்" பழக்கம். அங்கே அது பன்மை. இதைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஆயிற்று.

அதிக நாள் எடுத்தது நம்முடைய "இரு". இந்த ஒரு சொல்லுக்கு அவர்களிடம் நாலு வினை. "நான் கொடைக்கானல்காரி" என்று தமிழில் வினையே இல்லாமல் சொல்கிறோமே, அங்கே வருவது ஸேர்: "சோய் தே கொடைக்கானல்." "சமையலறையில் இருக்கேன்", "களைப்பா இருக்கேன்" என்று இடமோ நிலையோ சொன்னால் எஸ்தார்: "எஸ்தோய் என் லா கொசினா", "எஸ்தோய் கன்சாதா." (அந்த "என்" நம் "இல்"லுக்குச் சமம்.) "வெந்நீர் இருக்கா?" என்று ஒரு பொருள் இருப்பதைக் கேட்டால் வெறும் "ஐ": "ஐ ஆகுவா கலியென்தே?" மலையில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய வாக்கியம் அதுதான் என்பேன். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் தெனேர்: "தெங்கோ தோஸ் ஈஹோஸ்." தமிழில் வினை இல்லாவிட்டால் ஸேர், "ஆக இருக்கு" வந்தால் எஸ்தார் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். டீ சூடா இருக்கு, "எல் தே எஸ்தா கலியென்தே", சரியாக வந்தது. ஆனால் "வீடு சின்னதா இருக்கு" என்பதற்கு எஸ்தார் போட்டால் தவறு. சின்னதாக இருப்பது அந்த வீட்டின் இயல்பு, அதனால் "லா காசா எஸ் பெக்கேஞா." இப்படிப்பட்ட இடங்களில் "வீடு சின்னது" என்று வினை இல்லாமல் சொல்லிப் பார்ப்பேன். அப்படிச் சொல்ல வந்தால் பெரும்பாலும் ஸேர்தான்.

அடுத்தது "எனக்கு". "எனக்கு டீ பிடிக்கும்" என்பது "மே குஸ்தா எல் தே." ஆங்கிலம் வழியாகப் போனபோது இதில்தான் முட்டிக்கொண்டு நின்றேன். தமிழ் வழியாக வந்தால் விளக்கமே தேவையில்லை: மே என்றால் எனக்கு, குஸ்தா என்றால் பிடிக்கும். மே துவேலேயும் அதே அமைப்பு, எனக்கு வலிக்குது. அதற்காக "எனக்கு" வரும் இடமெல்லாம் மே போட முடியாது. பசி, தாகம், தூக்கம், குளிர், வயசு இவற்றை அவர்கள் "வைத்திருக்கிறார்கள்". எனக்குக் குளிருது என்றால் "தெங்கோ ஃப்ரீயோ." ஊரே குளிர்ந்து கிடந்தால் "ஆசே ஃப்ரீயோ." குழாய்த் தண்ணீர் சில்லென்று இருந்தால் "எஸ்தா ஃப்ரீயா." டிசம்பர் ராத்திரியில் எங்கள் வீட்டில் இந்த மூன்றுக்குமே வேலை இருக்கும். எனக்கு வேண்டும் என்பது "கியெரோ", அதிலும் மே கிடையாது.

கியெரோவில்தான் அகராதிப் புதிர் அவிழ்ந்தது. மூல வடிவம் கெரேர். வேண்டும் என்று நான் சொன்னால் கியெரோ, நாங்கள் சொன்னால் கெரேமோஸ். அழுத்தம் வேரில் விழும்போது அதிலுள்ள "எ" இரண்டாக உடைந்து "இயெ" ஆகிறது. விகுதிக்கு அழுத்தம் போய்விட்டால் உடைவதில்லை. "ஒ"வும் இப்படித்தான் "உவே" ஆகும்: தொர்மிர் தூங்குவது, துவெர்மோ தூங்குகிறேன், தொர்மீமோஸ் தூங்குகிறோம். எல்லா வினையும் இப்படி உடைவதில்லை, உடைபவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ராத்திரியே அகராதியில் "தொலேர்" என்று தேடினேன். இருந்தது: வலிப்பது. ஐந்து மாதமாகத் தேடிய சொல். நோட்டில் அதைச் சிவப்பு மையில் எழுதினேன்.

நூறு வினையை விட்டுவிட்டு பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன். காலையில் பால் காயும் நேரத்தில் கண்ணில் படுவதையெல்லாம் வாக்கியமாக்குவேன். மேசை மேல் பேரிக்காய் இருக்கு: "ஐ பேராஸ் என் லா மேசா." மேசையும் அலமாரியும் போர்த்துகீசியர் கொடுத்த சொற்கள் என்பதால் ஸ்பானிஷில் அந்த இரண்டையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. சாப்பிடப் போறேன் என்பது "போய் அ கொமேர்". நாம் பேச்சில் சொல்வதைப் போலவே "போறேன்" சேர்த்தால் எதிர்காலம் ஆகிவிடும், தனி வாய்பாடு வேண்டாம். உங்களிடம் யாராவது ஸ்பானிஷ் தொடங்குகிறேன் என்றால் இந்த ஒன்றை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுங்கள்.

பெரியம்மாவிடம் நான் "உஸ்தெத்" என்று மரியாதையாகப் பேசுவேன். நம் "நீங்கள்" போல, ஆனால் வினை படர்க்கையில் வரும். தன் அம்மாவைத் "தூ" என்றே கூப்பிடலாம், ஸ்பெயினில் அது சகஜம் என்று மகள் சொன்னார். என் அம்மா வயசுக்காரரை நீ என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. உஸ்தெத்திலேயே இருக்கிறேன்.

போன வருஷம் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு பையன் வந்தான். "கியெரெஸ்" என்று நான் படித்து வைத்திருந்ததை அவன் "கெரேஸ்" என்றான். முதலில் தவறோ என்று நினைத்தேன். அவர்கள் ஊரில் நீ என்பதற்கு "போஸ்" என்று வேறு சொல்லாம், அதோடு வரும் வினையில் அழுத்தம் கடைசியில் விழுமாம். அழுத்தம் வேரை விட்டுப் போனதால் "எ" உடையவில்லை. யாரும் சொல்லித்தராமல் நானே பிடித்த முதல் விஷயம் அது.

இறந்தகாலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். போன வாரம் பெரியம்மாவிடமிருந்து செய்தி வந்தது: "ஆயெர் மே தொலியோ லா ரொதீயா." தொலியோவை நான் எங்கும் படித்ததில்லை. அழுத்தம் கடைசியில், அதனால் "ஒ" முழுசாக இருக்கிறது, ஆயெர் என்றால் நேற்று. நேற்று அவருக்கு முழங்கால் வலித்திருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு உடனே பேசி அனுப்பினேன்: "இ ஓய்? தொதாபியா லே துவேலே?" இன்னைக்கு? இன்னும் உங்களுக்கு வலிக்குதா?

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "யா நோ, ஈஹா." இப்போ இல்லை, மகளே.