கான்டாக்ட் எண்ணப் போய் ரெண்டு நாள் போச்சு

கஸ்டமர் விவரம் வெச்சுக்கற சாஃப்ட்வேரான சேல்ஸ்ஃபோர்ஸ்ல ஒவ்வொரு அக்கவுண்ட் (கஸ்டமர் கம்பெனி) பேஜ்லயும் அதுக்குக் கீழ எத்தனை கான்டாக்ட் (அங்க நமக்குத் தெரிஞ்ச ஆளுங்க) இருக்குன்னு ஒரு நம்பர் காட்டணும், கேட்டது அவ்வளவுதான். கீழ இருக்கற ரெக்கார்டுகளைத் தானா எண்ணிக் காட்டற ரோல்-அப் சம்மரி ஃபீல்டு போட்டா அரை மணி நேர வேலைன்னு வாயை விட்டுட்டு வந்துட்டேன். உக்காந்து பாத்தா ஆப்பர்ச்சூனிட்டிக்கு (விற்பனை வாய்ப்பு ரெக்கார்டு) வருது, கான்டாக்டுக்கு வரல, ஏன்னா கான்டாக்டுக்கும் அக்கவுண்டுக்கும் இருக்கறது வெறும் லுக்கப், அதாவது லூஸான இணைப்பு.

சரின்னு ட்ரிக்கர் (ரெக்கார்டு மாறுனா தானா ஓடற கோடு) எழுதுனேன், அதுவும் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் சுத்தற ஃபார் லூப்புக்குள்ளயே கொயரி (டேட்டாவைத் தேடி எடுக்கற கேள்வி) போட்டு (சிரிக்காதீங்க). கையால நாலஞ்சு கான்டாக்ட் போட்டப்ப ஜம்முனு ஓடுச்சு, மொத்தமா ஏத்தற டூலான டேட்டா லோடர்ல 200 ரெக்கார்டு ஏத்துனதும் "டூ மெனி எஸ்ஓக்யூஎல் கொயரீஸ்: 101"னு மூஞ்சில அடிச்சுது. எஸ்ஓக்யூஎல்ங்கறது சேல்ஸ்ஃபோர்ஸோட கொயரி மொழி, ஒரு ட்ரான்ஸாக்ஷனுக்கு 100 கொயரிதான் லிமிட்.

அப்புறம்தான் மொத்தமா எண்ணிக் குடுக்கற அக்ரிகேட் கொயரி. அக்கவுண்ட் ஐடிய எல்லாம் ஒரு செட்ல சேத்து, காலியா (null) இருக்கற ஐடிய தூக்கிட்டு, கான்டாக்ட் மேல கவுண்ட் போட்டு அக்கவுண்ட்ஐடி வெச்சு குரூப் பை (அக்கவுண்ட் வாரியா பிரிக்கறது), ஒரே கொயரி. கவுண்டுக்கு ஏலியஸ் (நாம வெக்கற பேரு) குடுக்கலன்னா அது எக்ஸ்ப்ர்0 (expr0)ன்னு ஒரு பேர்ல வரும், எடுக்கறப்ப இன்டீஜரா (முழு எண்ணா) காஸ்ட், அதாவது மாத்த, வேற பண்ணணும்.

எல்லாம் ஓடுது, ஆனா ஒரு அக்கவுண்ட்ல இருந்த ஒரே கான்டாக்டையும் டிலீட் பண்ணிட்டு பாத்தா இன்னும் 1னே நிக்குது. இதுலதான் பாதி நாள் போச்சு. கொயரில தப்பே இல்ல, கான்டாக்டே இல்லாத அக்கவுண்டுக்கு குரூப் பைல வரிசையே வராது, 0ன்னு கூட வராது, அப்ப நம்ம அப்டேட் அதைத் தொடவே தொடாது. முதல்ல ஐடிக்கு எதிர்ல எண்ணை வெச்சுக்கற ஒரு மேப்ல எல்லா ஐடிக்கும் 0 போட்டுட்டு, கொயரில வந்ததை மட்டும் மேல எழுதுனதும் சரியாச்சு.

கான்டாக்டை வேற அக்கவுண்டுக்கு மாத்துனா பழைய ஐடியும் செட்ல இருக்கணும், அதுக்கு மாறறதுக்கு முன்னாடி இருந்த மதிப்புகளை வெச்சிருக்கற ட்ரிக்கர் ஓல்டுமேப் பாக்கணும்.

ட்ரிக்கர் வர்றதுக்கு முன்னாடியே இருந்த பழைய டேட்டாவுக்கு மொத்தமா ஒரே அக்ரிகேட் போடலாம்னு நினைச்சேன், ஆனா குரூப் பைல வர்ற ஒவ்வொரு குரூப்பும், அதாவது ஒவ்வொரு அக்கவுண்டும், 50,000 ரோ (வரிசை) லிமிட்ல சேருமாம். அதனால துண்டு துண்டா ஓடற பேட்ச், ஸ்டார்ட்ல அக்கவுண்ட் மட்டும், எக்ஸிக்யூட்ல 200 200ஆ எண்ணிக்க வெச்சேன்.

லைவ் போன மறுநாள் யாரோ ரீசைக்கிள் பின்ல இருந்து கான்டாக்டைத் திருப்பி எடுத்திருக்காங்க, நம்பர் ஏறல. ட்ரிக்கர்ல ஆஃப்டர் அன்டிலீட் (டிலீட் ஆனது திரும்பி வந்தாலும் ஓடணும்ங்கறது) சேக்க மறந்திருந்தேன்.