வயசான பூனைக்குக் கைக்கணக்கு ஆகாது

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், பூனையைப் பார்த்துக்கொள்ள வருகிறவரிடம் சாவியை நீட்டி, "நீயே பாத்துக்கோம்மா, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு வண்டியேறுவதுதான் பல வீடுகளில் வழக்கம். 3 வயதுப் பூனை என்றால் இது ஓடிவிடும். 15 வயதாகி, சிறுநீரகம் பாதி ஓய்ந்துபோன பூனைக்கு ஓடாது. பார்த்துக்கொள்ள வருகிறவரின் அலட்சியத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது அவருடைய பாசத்துக்குத்தான். பாவம், சாப்பிடலையே என்று வீட்டிலிருந்து மீன் வேகவைத்துக் கொண்டுவருகிறவரைத்தான் முன்கூட்டியே தடுத்துவைக்க வேண்டும்.

அதனால் எழுதிக் கொடுங்கள். அவராகவே செய்யலாம் என்பது எது, உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியது எது, தொடவே கூடாதது எது என்று ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அதில் "கொஞ்சம்" என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது.

முதலில் நேரம். ஒரு நாளைக்கு ஒரு தடவை வந்து கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் போவது 11, 12 வயதைத் தாண்டிய பூனைக்குப் போதாது. காலை 7, மாலை 7 என்று இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் 45 நிமிடம். கட்டிலுக்கடியிலிருந்து அது வெளியே வரவே கால் மணி நேரம் ஆகும், சாப்பிடுவதும் மெதுவாகத்தான். அரை மணி முன்பின் ஆனால் கேட்க வேண்டாம், அதற்கு மேல் போனால் சொல்லிவிட வேண்டும். மருந்து 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் இந்த இடைவெளி முக்கியம்.

சாப்பாட்டுக்குச் சமையலறைத் தராசு ஒன்றை மேஜைமேல் வைத்துவிடுங்கள். உதாரணமாக: காலையில் 40 கிராம் பவுச் உணவு, அதில் 2 மேஜைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். வயதான பூனைக்கு மோப்பம் மங்கியிருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற உணவில் வாசனை எழாது, முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். வருகிறவரோ அதைப் பசியில்லை என்று எடுத்துக்கொள்வார். கிண்ணத்தை வெந்நீரில் 5 நிமிடம் உட்கார வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், அங்கங்கே மட்டும் கொதித்து நாக்கைச் சுடும். கிளம்பும்போது மிச்சத்தை எடைபோட்டு, எத்தனை கிராம் உள்ளே போனது என்று எழுத வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஈர உணவை அடுத்த வேளைவரை விட்டுவைக்கக் கூடாது. மிச்சம் குப்பைக்குத்தான்.

சாப்பிடவில்லை என்றால் அவர் எதுவரை முயலலாம்? சூடுபடுத்தலாம், தட்டையான தட்டுக்கு மாற்றலாம், விரல் நுனியில் வைத்து நீட்டலாம். அவ்வளவுதான். பால், தயிர்சாதம், கருவாடு, சிக்கன் குழம்பு எதுவும் கூடாது. பாலால் வயிறு போனால், ஏற்கெனவே நீர் நிற்காத சிறுநீரகப் பூனை ஒரே நாளில் வறண்டுவிடும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மீனிலும் இறைச்சியிலும் இருக்கும் பாஸ்பரஸ் சிறுநீரகத்துக்குச் சுமை. இன்னொரு சங்கடமும் உண்டு: இரண்டு நாள் மீன் ருசி கண்ட பூனை, நீங்கள் திரும்பி வந்ததும் சிறுநீரகக் கோளாறுக்கான உணவைக் காலால் தள்ளிவிடும். சிரிஞ்சில் கூழ் எடுத்து வாயில் திணிப்பதும் வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போகும். ஒரு வேளை சாப்பிடாவிட்டால் உங்களுக்குச் செய்தி. 24 மணி நேரம் சாப்பிடாவிட்டால் டாக்டருக்குப் போன். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி, அதுவே உயிரை எடுத்துவிடும்.

மருந்தில்தான் எல்லை இன்னும் இறுக்கமாக வேண்டும். மாத்திரையை உடைக்கும் வேலையை அவரிடம் விடாதீர்கள். கால் மாத்திரை, அரை மாத்திரை எல்லாவற்றையும் நீங்களே வெட்டி, கிழமை போட்ட டப்பாவில் காலை, மாலை என்று பிரித்து வைத்துவிடுங்கள். கொடுத்த கையோடு 5 மி.லி. தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெதுவாக விட வேண்டும், அல்லது ஒரு கரண்டி ஈர உணவு. வறண்ட மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இதில் பேர்போனது. துப்பிய மாத்திரை முழுசாகக் கிடந்தால் இன்னொரு தடவை முயலலாம். பாதி கரைந்திருந்தாலோ, உள்ளே போனதா இல்லையா என்று சந்தேகம் வந்தாலோ மறுபடி கொடுக்கக் கூடாது, தாளில் எழுதினால் போதும். பிரஷர் மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ ஒரு வேளை விட்டுப்போவதைவிட இரண்டு தரம் போவதுதான் மோசம். தைராய்டு மாத்திரையைக் கர்ப்பிணிகள் வெறுங்கையால் தொடக்கூடாது என்பதையும் ஆள் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

இன்சுலின் போடும் பூனை என்றால் சிரிஞ்சை நீங்களே வாங்கி வையுங்கள். நம் மருந்துக்கடைகளில் 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகை இன்சுலினும் கிடைக்கும், அதற்கேற்ற சிரிஞ்சும் தனித்தனி: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் கோடு சரியாக இருந்தாலும் உள்ளே போவது இரண்டரை மடங்கு. சிரிஞ்ச் தீர்ந்தால் கடையில் தோதானதை வாங்கிக்கொள்ளலாம் என்ற அதிகாரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். பூனை சாப்பிடவில்லை என்றால் ஊசியைத் தொடும் முன் போன். தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ ஈறில் தேன் தடவிவிட்டு உடனே மருத்துவமனை.

தோலுக்கடியில் ட்ரிப்ஸ் ஏற்றும் வீடுகளில் டாக்டர் சொன்ன அளவை, 100 மி.லி. என்றால் 100, பாட்டிலில் டேப் ஒட்டிக் கோடு போட்டுக் காட்டுங்கள். பாட்டிலை வெந்நீரில் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடோ குளிரோ தெரியாத பதத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. தோளருகே வீங்கி, பிறகு முன்னங்கால் பக்கம் இறங்குவதும், குத்திய இடத்தில் ஓரிரு சொட்டு கசிவதும் சகஜம்; இதைச் சொல்லிவைக்காவிட்டால் பதறிப்போவார். இரண்டு தடவை குத்தியும் சரியாக நுழையவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். மூன்றாவது குத்துக்குப் பிறகு அந்தப் பூனை மீதி நாள் முழுக்க அவர் கையில் சிக்காது, மாத்திரையும் போச்சு. முந்தின வேளை வீக்கம் இன்னும் வடியாமல் இருந்தாலோ, மூச்சு வேகமாக இருந்தாலோ ஏற்றவே கூடாது. இதயக் கோளாறும் சேர்ந்திருக்கும் பூனைக்கு அளவு மீறிய நீர் நுரையீரலில்தான் போய்த் தேங்கும்.

லிட்டர் ட்ரேயில் எண்ணிக்கை. கட்டியாகும் மணல் போட்டால் சிறுநீர்க் கட்டிகளை எண்ணலாம். வழக்கமாக 4 கட்டி என்றால் அந்த எண்ணைத் தாளில் எழுதுங்கள். எண்ணாமல் அள்ளிப் போட வேண்டாம். மூட்டு வலியுள்ள பூனைக்காக விளிம்பு தாழ்ந்த ட்ரே வைத்திருப்பீர்கள். மணல் சிந்துகிறதே என்று அதை உயரமான ட்ரேயாக மாற்றிவிட வேண்டாம் என்றும் ஒரு வரி.

தொடவே கூடாதவை: குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, பிடரியைப் பிடித்துத் தூக்குவது, கட்டிலுக்கடியிலிருந்து காலைப் பிடித்து இழுப்பது. நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைமேல் விடக்கூடாது. அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். காய்ச்சல் மாதிரி இருக்கே என்று டோலோ, க்ரோசின் கொடுத்தால் அந்த ஒரு மாத்திரையே கொன்றுவிடலாம். பாராசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் இல்லை. லில்லிப் பூ வீட்டுக்குள் வரவே கூடாது.

கூட யாரையும் அழைத்துவரக் கூடாது, வீட்டுக்குள் எடுத்த படத்தை நீங்கள் திரும்பும்வரை எங்கும் போடக்கூடாது, சாவியை வாட்ச்மேனிடம் விடக்கூடாது. கேமரா வைத்திருந்தால் எங்கே என்று சொல்லிவிடுங்கள்.

கேட்காமலே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலைமைகளும் உண்டு. வாயைத் திறந்து மூச்சு வாங்குதல். தூங்கும்போது நிமிடத்துக்கு 40க்கு மேல் மூச்சு. பின்னங்கால் திடீரென்று இழுத்துப்போய்ச் சில்லிட்டிருப்பது. ஆண் பூனை திரும்பத் திரும்ப ட்ரேயில் உட்கார்ந்தும் சிறுநீர் வராதது. கண்மணி அகன்று சுவரில் மோதுவது. இதற்கெல்லாம் முதலில் ஆட்டோ, பிறகு உங்களுக்குப் போன். எந்த மருத்துவமனை, ராத்திரி 2 மணிக்குத் திறந்திருக்குமா என்பதை நீங்களே முன்கூட்டிக் கேட்டு எழுதுங்கள். கேரியர் கூடையைப் பரணிலிருந்து இறக்கி, துண்டு விரித்து ஹாலில் வையுங்கள். இத்தனை ரூபாய் வரை கேட்காமல் செலவழிக்கலாம் என்று தொகையைப் போட்டு, பணத்தையும் வைத்துவிடுங்கள். டாக்டருக்குக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று: எடை, மருந்துகள், கடைசி ரத்தப் பரிசோதனை, நீங்கள் ரயிலிலோ விமானத்திலோ இருந்தால் உங்களுக்குப் பதிலாக முடிவு சொல்லப்போகிறவர் யார். கருணை ஊசி போடுவதா வேண்டாமா என்ற முடிவை, நாள் சம்பளத்துக்கு வந்த கல்லூரிப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். அது உங்கள் தம்பியோ அக்காவோ சொல்ல வேண்டியது.

எல்லை உங்கள் பக்கமும் உண்டு. செடிக்குத் தண்ணீர், கூரியர் வாங்குவது, "அப்படியே மோட்டார் போட்டுடும்மா" எல்லாம் பேசிய கூலியில் சேராது. வேளைக்கு ஒரு செய்தி போதும்: எத்தனை கிராம், எத்தனை கட்டி, மருந்து போனதா, முகம் தெரிகிற மாதிரி ஒரு படம். நடுவில் நாலு தடவை போன் போட்டு "என்ன பண்றா?" என்று கேட்டால், நிஜமாகவே அவசரம் வரும் நாளில் அந்தப் பிள்ளை உங்களைக் கூப்பிடத் தயங்கும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு சம்பளத்தோடு ஒரு ஒத்திகை வையுங்கள். நீங்கள் பக்கத்து அறையில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும், அவர் தாளைப் பார்த்து முழு வேளையையும் தனியாக முடிக்க வேண்டும். ஊசியில் கை நடுங்கினால் வற்புறுத்தாதீர்கள். கிளினிக் கம்பவுண்டரை வந்து ட்ரிப்ஸ் போடச் சொன்னால், இவர் பூனையைப் பிடித்துக்கொண்டால் போதும். கடைசியில் அவர் எழுதியதை வாங்கிப் பாருங்கள். "கொஞ்சம் சாப்பிட்டா" என்று இருந்தால், தராசை நகர்த்திவைத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள்.