பிறவுணியின் உண்ணிகள்

மார்கழி 3, 2024, செவ்வாய்

நாலு நாளாய் எங்கள் நாய் பிறவுணி சாப்பாட்டைத் தொடவில்லை. இன்று விடிய முற்றம் கூட்டப் போனால் படிக்கட்டில் இரத்தத் துளிகள். அதன் மூக்கால் வந்திருக்கிறது. கொட்டுகிற மழைக்குள் சாக்கால் சுற்றி ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினேன். பல்முரசு வெளிறிக் கிடந்தது. இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் மிகக் குறைவு. எர்லிக்கியா என்றார். நாய் உண்ணி கடத்தும் பற்றீரியா. வெண்குருதிக் கலங்களுக்குள் இருந்து பெருகும். 28 நாளைக்கு டொக்ஸிசைக்கிளின் குளிசை. காதுமடலுக்குள் கொத்தாய்க் கிடந்த உண்ணிகளைக் காட்டினார். நான் தினமும் தடவிக்கொடுக்கும் காது அது.

மார்கழி 5

அம்மா பிறவுணியைத் திண்ணையில் ஏற விடவேண்டாம் என்கிறா. போன மாரிக்குப் பக்கத்து வளவு மாமி உண்ணிக்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவ. "அதே உண்ணிதானே பிள்ளை, உன்ர மகனுக்கு வந்தா?"

அதே உண்ணி இல்லை அம்மா. மாரியில் எங்கள் பக்கம் வரும் உண்ணிக்காய்ச்சல் பெரும்பாலும் ஸ்கிறப் டைபஸ் என்ற பற்றீரியாக் காய்ச்சல். அதைக் கடத்துவது பற்றைகளில் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு, கண்ணுக்குப் பிடிபடாத அளவு. கடித்த இடத்தில் சிகரட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு வரும். மாமிக்கும் இடுப்பில் இருந்தது. அதற்காக நாய் உண்ணியைக் கையால் நசுக்கலாம் என்றில்லை. மத்தியதரைக் கடல் நாடுகளில் மனிதருக்குப் புள்ளிக் காய்ச்சலைக் கொண்டுவருவது நாய் உண்ணிதான்.

மார்கழி 8, ஞாயிறு

இரவு முழுக்க வாசித்தேன். இரத்தம் குடிக்கிற எந்த உண்ணியும் எந்த நோயையும் காவும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பற்றீரியாவுக்கு உண்ணியின் உடம்பு லேசான இடமில்லை. குடலில் சாகாமல் தப்பவேண்டும், குடற்சுவரைத் தாண்டவேண்டும், பிறகு உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டவேண்டும். வழிநெடுக உண்ணியின் எதிர்ப்புச் சக்தி காத்திருக்கிறது.

அமெரிக்காவில் உண்ணி கடித்து மனிதருக்கு வரும் லைம் நோயைப் பாருங்கள். 1981இல் வில்லி பர்க்டோர்ஃபர் என்ற ஆய்வாளர் அந்தப் பற்றீரியாவைக் கண்டுபிடித்தது கறுப்புக்கால் உண்ணியின் குடலில். அதே காடுகளில் முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளியோடு இன்னொரு உண்ணி ஆட்களைத் தேடித் தேடிக் கடிக்கிறது. ஆனால் லைம் நோயைக் கடத்துவதில்லை. அங்குள்ள இன்னொரு வகை நாய் உண்ணியின் உடற்குழிக்குள் ஊசியால் அந்தப் பற்றீரியாவை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அது கெதியில் அழித்துவிட்டது. கறுப்புக்கால் உண்ணியோ அதைச் சகித்து வைத்துக்கொண்டது.

என்னை உலுப்பியது தென்னமெரிக்க ஆய்வு. எங்கள் வீட்டுக் கபில நிற நாய் உண்ணியிலேயே இரண்டு குழுக்கள்: வெப்பப் பகுதியுடையது, குளிர்ப் பகுதியுடையது. பார்வைக்கு ஒன்றுபோலத்தான். நோயுள்ள நாயின் இரத்தத்தை இரண்டுக்கும் ஊட்டினால் வெப்பப் பகுதி உண்ணி எர்லிக்கியாவைக் காவி அடுத்த நாய்க்குக் கொடுத்தது. மற்றதில் அது பிடிக்கவே இல்லை. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு எங்களிடம் இருப்பது முதலாவது.

மார்கழி 9

குறட்டால் 31 உண்ணிகளைக் கழற்றினேன். சவர்க்காரத் தண்ணீருக்குள் போட்டேன்.

மார்கழி 14, சனி

முரசு சிவந்திருக்கிறது. மீன்தலைச் சோறு முழுக்கச் சாப்பிட்டது. இந்த உண்ணியில் எர்லிக்கியா குஞ்சிலிருந்து அடுத்த பருவத்துக்குப் போகும், முட்டைக்குப் போகாது. ஆகப் புதிதாய்ப் பொரிப்பவை நோயுள்ள நாயைக் கடிக்கும்வரை சுத்தம். பிறவுணியின் குளிசையை ஒரு வேளையும் தவறவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். கொட்டில் சுவர் வெடிப்பில் ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். உரித்த தோல்களும் முட்டைக் குவியலும். மேசனை நாளைக்கு வரச் சொல்லியிருக்கு.